கதிர்வீச்சுப் பாதிப்பு இழப்பீட்டுச் சட்டம் (அமெரிக்கா)

அணுகுண்டுச் சோதனையாலும் யுரேனியச் சுரங்க வேலையாலும் நோயுற்றவர்களுக்கு இழப்பீடு வழங்க 1990 அக்டோபர் 15 அன்று இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம். நாட்டின் சார்பில் நாடாளுமன்றம் மன்னிப்புக் கோரும் வாசகமும் இதில் உண்டு. அந்நாட்டு நீதித் துறை இதை நடைமுறைப்படுத்துகிறது.

1951 முதல் 1962 வரை நெவாடா சோதனைக் களத்தில் 100 குண்டுகள் நிலத்துக்கு மேல் வெடிக்கப்பட்டன. லாஸ் வேகஸ், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் காற்று வீசாத நாளாகப் பார்த்தே வெடித்தார்கள். ஆகவே அணுத்தூசி அண்டை மாநிலமான யூட்டாவின் சிற்றூர்கள் மேல் இறங்கியது. 1953 மே 19 அன்று வெடித்த ‘ஹாரி’ என்ற குண்டு அங்குள்ள செயின்ட் ஜார்ஜ் நகரை மிக மோசமாகத் தாக்கியது. பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கில் 1984இல் சிலருக்குச் சாதகமான தீர்ப்பு கிடைத்தது. கொள்கை முடிவுகளுக்காக அரசின் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிமன்றக் கதவு அடைபட்ட பின்னரே சட்டம் பிறந்தது.

சுரங்கத் தொழிலாளர் கதை வேறு. நவஹோ பழங்குடியினரின் நிலத்திலிருந்து 1944க்கும் 1986க்கும் இடையே ஏறத்தாழ 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டி எடுக்கப்பட்டது. காற்றோட்டமில்லாத சுரங்கங்களில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவைச் சுவாசித்தவர்களை நுரையீரல் புற்றுநோய் பிடித்தது. அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் முன்னாள் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடாலும் ஒருவர்.

இன்ன கதிர்வீச்சால்தான் இந்தப் புற்றுநோய் வந்தது என்று எவராலும் நிறுவ முடியாது. அதனால் காரணத்தை நிரூபிக்கச் சொல்லாமல் ஊர், காலம், நோய் ஆகிய மூன்றையே முக்கியமாகச் சட்டம் கேட்டது. சுரங்கத் தொழிலாளருக்கு 1,00,000 டாலர், சோதனைக் களத்தில் இருந்தவர்களுக்கு 75,000, காற்றின் வழியில் வசித்தவர்களுக்கு 50,000 எனத் தொகை வகுக்கப்பட்டது. இந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது: சட்டம் பட்டியலிட்ட மாவட்டங்களின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் குடியிருந்தவருக்கு அதே நோய் வந்தாலும் ஒரு காசும் இல்லை. 1945 ஜூலை 16 அன்று உலகின் முதல் அணுகுண்டான ‘டிரினிட்டி’ வெடித்தது நியூ மெக்சிகோவில். அக்கம்பக்கத்து மக்களோ 35 ஆண்டுகள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

2000இல் தாது ஆலைத் தொழிலாளரும் தாதுவை ஏற்றிச் சென்றவர்களும் சேர்க்கப்பட்டனர். அந்த ஆண்டு நிதி தீர்ந்துபோக, தகுதி பெற்றவர்களுக்குக் காசோலைக்குப் பதில், பணத்தைப் பின்னர் தருவதாகக் கடன் கடிதம் அனுப்பியது அரசு. 2024 ஜூனில் சட்டம் காலாவதியானது. அதற்குள் 260 கோடி டாலருக்கும் மேல் வழங்கப்பட்டிருந்தது.

2025 ஜூலை 4 அன்று சட்டம் புதுப்பிக்கப்பட்டு, மூன்று பிரிவினருக்கும் தொகை 1,00,000 டாலராக்கப்பட்டது. நியூ மெக்சிகோவும், முதல் அணுகுண்டை உருவாக்கிய மன்ஹாட்டன் திட்டத்தின் கழிவால் பாதிக்கப்பட்ட மிசோரிப் பகுதிகளும் உள்ளே வந்தன. பசிபிக் கடலில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைகளின் தூசி படிந்த குவாம் தீவு இம்முறையும் விடுபட்டது. மனுச் செய்யக் கடைசி நாள் 2027 டிசம்பர் 31.