யோக் பீற்றர்: ஒரு ஜெற் விமானத்தின் சேவை வரலாறு

கப்பல்களுக்கு வரலாறு எழுதுவோர் பலர். ஆகாய விமானத்துக்குத் தனி வரலாறு எழுதுவோர் அரியர். ஓர் இனத்தைச் சேர்ந்த விமானங்கள் யாவும் ஒன்றுபோலிருத்தல் இதற்குக் காரணமாகலாம். எனினும், டி ஹவிலண்ட் நிறுவனம் ஆக்கிய கொமெற் விமானங்களுள் ஒன்று தனித்து நோக்கற்பாலது. ஜி-ஏஎல்வைபி எனப் பதிவு பெற்ற அதனை, ஈற்றெழுத்துகள் இரண்டையுங் கொண்டு 'யோக் பீற்றர்' என அழைத்தனர்.

1951 ஜனவரி 9ஆந் திகதி அது முதன்முதற் பறந்தது. 1952 மே 2ஆந் திகதி 36 பிரயாணிகளுடன் இலண்டனிலிருந்து யொகன்னஸ்பேர்க்குக்குப் புறப்பட்ட பீ.ஓ.ஏ.சி. விமானம் இதுவே. கட்டணம் பெற்றுப் பிரயாணிகளை ஏற்றிய ஒழுங்கான ஜெற் விமானச் சேவை உலகில் அன்றே தொடங்கிற்று. உரோம், பெய்ரூற், கார்ட்டூம், என்டெபே, லிவிங்ஸ்ரன் எனத் தங்கிச் சென்றும் பயணம் 24 மணித்தியாலத்துக்குட் பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே கொழும்புக்கும் கொமெற் சேவை நீண்டது என்பது நம்மவர் பலர் மறந்துவிட்ட செய்தி.

உயரப் பறத்தலே இவ்விமானத்தின் சிறப்பு. அதுவே அதன் கேடுமாயிற்று. 40,000 அடி உயரத்தில் மனிதர் உயிர்வாழ, உள்ளே 8,000 அடி உயரத்துக்குரிய வளியமுக்கம் பேணப்படல் வேண்டும். ஆகவே ஒவ்வொரு பறப்பிலும் விமானவுடல் ஒருமுறை விம்மி ஒருமுறை தளர்ந்தது. யோக் பீற்றர் இவ்வாறு 1,290 முறை விம்மித் தளர்ந்தது. பறந்த நேரம் 3,681 மணித்தியாலம்.

1954 ஜனவரி 10ஆந் திகதி, சிங்கப்பூரிலிருந்து வந்த அவ்விமானம் உரோமில் எழுந்து, 27,000 அடியை அணுகுகையில், எல்பாத் தீவின் அருகே சிதறிக் கடலில் வீழ்ந்தது. முதற் பறப்பிலிருந்து மூன்றாண்டும் ஒரு நாளுமே கழிந்திருந்தன. மாண்டோர் 35 பேர். அவர்களுட் சிறுவர் பதின்மர். விமானி வேறொரு விமானத்துக்கு அனுப்பிய வானொலிச் செய்தி இடையில் அறுந்தது.

இதன்பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி எனலாம். கொமெற் விமானங்கள் நிறுத்தப்பட்டன. இயந்திரத் தீ முதலியன ஐயுறப்பட்டன. ஏறத்தாழ 60 திருத்தங்கள் செய்யப்பட்டன. சிதைவுகளிற் பெரும்பகுதி கடலடியிற் கிடக்கையிலேயே, மார்ச் 23ஆந் திகதி சேவை மீண்டுந் தொடங்கிற்று. ஏப்பிரல் 8ஆந் திகதி உரோமிலிருந்து கெய்ரோ நோக்கிச் சென்ற இன்னொரு கொமெற் 21 பேருடன் அழிந்தது. நோய் இன்னதென்று அறியாமலே மருந்து கொடுத்த செயலன்றி இதனை வேறெவ்வாறு கூறுவது?

பாண்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்னல்ட் ஹோல் தலைமையில் ஆய்வு நடைபெற்றது. சேவையிலிருந்த இன்னொரு கொமெற்றின் உடலை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, நீரால் அமுக்கத்தை ஏற்றியிறக்கினர். பறந்த பறப்புகளும் தொட்டிப் பறப்புகளுஞ் சேர்ந்து 3,057 ஆனபோது உடல் பிளந்தது. உலோகச் சோர்வே காரணம் என்பது தெளிவாயிற்று.

அவ்வாறாயின் நிறுவனம் முன்னரே சோதிக்கவில்லையா? சோதித்தது. ஒரு மாதிரிப் பகுதி 16,000 முறைக்கு மேல் தாங்கிற்று. ஆனால் அதே பகுதியை முன்பு வழமையான அமுக்கத்தின் இருமடங்கு வரை ஏற்றிப் பரிசோதித்திருந்தனர். அம்மிகையமுக்கம் துளைகளின் ஓரத்து உலோகத்தைச் சற்றே நெகிழச் செய்து, சோர்வைத் தாங்கும் வன்மையை அதற்கு ஊட்டிவிட்டது. பிரயாணிகளை ஏற்றிய விமானங்களுக்கு அவ்வன்மை வாய்க்கவில்லை. எச்சரிக்கையாகச் செய்த சோதனையே ஏமாற்றியது. அதனாற் போலும், 1955இல் வெளியான கோகன் பிரபுவின் விசாரணை அறிக்கை எவர்மீதுங் குற்றஞ் சுமத்தவில்லை. வடிவமைப்பைப் பொறுத்தவரை அம்முடிவு ஏற்கத்தக்கதே; மார்ச் மாதத் தீர்மானத்தைப் பொறுத்தவரை அவ்வாறு கூறல் எளிதன்று.

சதுரச் சன்னல்களே விமானத்தை வீழ்த்தின என்பது பரவலான கூற்று. யோக் பீற்றரைப் பொறுத்தவரை இது முற்றுஞ் சரியன்று. பிளவு தொடங்கியது பிரயாணிகளின் சன்னலிலன்று. திசையறி வானொலிக் கருவியின் பொருட்டுக் கூரையில் வெட்டப்பட்ட திறப்பின் மூலையிலாகும். பிரித்தானியக் கடற்படை, நீருக்கடியில் தொலைக்காட்சிக் கருவியை இறக்கித் தேடி, விமானத்தின் பெரும்பகுதியை மீட்டது. அக்கூரைத் துண்டு இலண்டன் விஞ்ஞான நூதனசாலையிற் பேணப்பட்டுள்ளது.