பேர் சொல்லாதது

பெண்கள் பேச்சில் வசம்புக்கு 'பேர் சொல்லாதது' என்று ஒரு பெயர் உண்டு. விளக்கு வைத்த பிறகு வசம்பு என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பார் அன்னூரில் என் அம்மிச்சி. பிள்ளைக்கு வயிறு உப்பினால் சுட்டு உரைத்துக் கொடுத்ததும் அதைத்தான். விதைப் பயறில் இடித்துக் கலந்ததும் அதைத்தான்.

சோளமும் கொள்ளும் தட்டப்பயறும் விளைந்த மானாவாரிக் காடு எங்களுடையது. அறுப்பு முடிந்ததிலிருந்து அடுத்த விதைப்பு வரை விதையைக் காப்பது பெண்கள் பாடு. பயறு வண்டு பயறின் மேல் முட்டையிடும். புழு உள்ளே துளைத்துத் தின்று ஏறத்தாழ ஒரே மாதத்தில் வண்டாக வெளிவரும். அதனால் வேப்பிலையையும் நொச்சி இலையையும் நிழலில் காயவைத்துப் பொடித்து, அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கலந்து, மொடாவில் பயறைக் கொட்டி வாயை மண்ணால் பூசுவார்கள். வசம்புப் பொடி கலந்தது விதைக்கு மட்டும். அது தனி மொடா.

சாம்பல் பூச்சியின் மேல்தோல் மெழுகைத் தேய்த்து அதை உலர்த்திவிடுகிறது. வசம்பின் எண்ணெய் முட்டைப் பெருக்கத்தைக் கெடுக்கிறது. கிலோ விதைக்கு 10 கிராம் வசம்புப் பொடி என்கிறது இன்றைய வேளாண் பரிந்துரை. அம்மிச்சியின் அளவு கைப்பிடி. பரிந்துரைக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர். கைப்பிடிக்குப் 'பாட்டி வைத்தியம்' என்று பெயர்.

இதைப் பொற்காலமாகப் பாட எனக்கு மனமில்லை. வசம்பு இடித்த அன்றெல்லாம் அம்மிச்சி தும்மிக்கொண்டே இருப்பார். பயறில் வண்டு விழுந்தால் 'பொம்பளை சரியில்லை' என்பார்கள். விழாவிட்டால் 'நல்ல வெள்ளாமை' என்பார்கள். அந்தப் பேர் காட்டுக்காரருக்குப் போகும். காடும் அவர் பேரில்தான் இருந்தது.

பேரில்லாத அறிவை வேறொருவர் தம் பேரில் எழுதிக்கொள்வது எளிது. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை கிடைத்தது. அதை எதிர்த்து முன்னின்றவர்கள் மூன்று பெண்கள்: வந்தனா சிவா, மக்தா ஆல்வூட், லிண்டா புல்லார்ட். 2000இல் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது. தலைமுறைகளாக நடந்த ஒன்றை நடந்தது என்று நிறுவ ஆண்டும் இடமும் சாட்சியும் தேவைப்பட்டன. எங்கள் மொடாக்களுக்கு அப்படி எந்தக் கணக்கேடும் இல்லை.

ஆகவே என் மாணவிகளிடம் வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்கிறேன்: எந்த விதை, எந்த இலை, எத்தனை கைப்பிடி, எந்த மாதம். தாளின் தலைப்பில், சொன்னவரின் பெயர். 'பாட்டி' என்று எழுதி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

முதல் தாளை நானே எழுதினேன். எழுத உட்கார்ந்தபோதுதான் அம்மிச்சியின் பெயரை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.