பரங்கிமலைச் சிலுவையும் ‘பாடு’ என்ற சொல்லும்

கோப்புகளில் நான் எத்தனையோ முறை எழுதிய பெயர் பரங்கிமலை. செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்தப் பெயரில் ஓர் ஊராட்சி ஒன்றியமே உண்டு. ‘பரங்கி’ என்பது ‘பிராங்க்’ என்ற சொல்லின் திரிபு. பிரெஞ்சுக்காரர்களின் பெயருக்கும் அதுதான் வேர். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு தனி ஒட்டுதல். ஆனால் மலைக்குப் பெயர் தந்த பரங்கியர் போர்த்துக்கீசியர்கள்.

1547-ல் அவர்கள் மலை உச்சியில் கோயில் கட்ட அடித்தளம் தோண்டியபோது சிலுவை செதுக்கிய கற்பலகை ஒன்று கிடைத்தது. இன்றும் அது அந்தக் கோயிலின் பீடத்துச் சுவரில் இருக்கிறது. புனித தோமையாரே அதைச் செதுக்கினார், அதன் முன்னால்தான் உயிர் விட்டார் என்பது மரபு. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடக்கும்போது சிலுவையில் இரத்தம் வியர்த்ததாகவும், 1704 வரை அவ்வப்போது அப்படி நடந்ததாகவும் பழைய குறிப்புகள் சொல்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சிலுவையில் இயேசுவின் உடல் இல்லை. கத்தோலிக்கர்கள் ‘பாடுபட்ட சுரூபம்’ என்கிறார்களே, அது அங்கே கிடையாது. முனைகள் மொட்டுப் போல விரிந்திருக்கின்றன. அடியில் இலைகள் சுருண்டிருக்கின்றன. மேலே ஒரு புறா இறங்குகிறது. மரணம் நடந்த இடத்தில் உயிர் துளிர்க்கிறது என்று அந்தச் சிற்பி நினைத்திருக்க வேண்டும். கல்லின் காலம் 7 முதல் 9-ஆம் நூற்றாண்டு வரை என்பது அறிஞர்கள் கணிப்பு. மாமல்லபுரத்தில் பல்லவர் உளிகள் ஒலித்த காலத்தை ஒட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். மேற்கு ஐரோப்பாவிலும் வேதனையில் தலை சாய்ந்த இயேசுவின் உருவம் 10-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் பரவியது.

சிலுவையைச் சுற்றிய வளைவில் பஹ்லவி எழுத்துக்கள் உள்ளன. அது பழைய பாரசீக மொழி. கோட்டயத்துச் சிலுவைகளிலும் இதே வாசகம் உண்டு. 1873-ல் பர்னெல் என்ற ஆங்கில அதிகாரி அதை ஒரு கோட்பாடாகப் படித்தார்: சிலுவைத் தண்டனையில் துன்பப்பட்டவரே மெய்யான கிறிஸ்து, மேலான கடவுள் என்பது அவர் கண்ட பொருள். கடவுள் துன்பப்பட முடியுமா என்று 5-ஆம் நூற்றாண்டிலிருந்து திருச்சபைகள் வாதிட்டுப் பிரிந்திருந்ததால், இந்த வாசிப்பு பெரிதாகப் பேசப்பட்டது.

பின்னால் வின்க்வொர்த் என்ற அறிஞர் அதே எழுத்துக்களை வேறு விதமாகப் படித்தார். சகர்புக்த் என்பவரின் மகன், இந்தச் சிலுவையைச் செய்வித்தவன், ‘ஆண்டவர் கிறிஸ்துவே, என்மேல் இரங்கும்’ என்று வேண்டுகிறான். அவ்வளவுதான். கோட்பாடாகத் தெரிந்தது ஒரு தனி மனிதனின் மன்றாட்டாகிவிட்டது.

எனக்கு இரண்டாவது வாசிப்பே மனதில் நிற்கிறது. என்னுடன் ஒரே பிரிவில் வேலை பார்த்த கத்தோலிக்க நண்பர் ஒருவர் வளர்ந்த மகனைப் பறிகொடுத்தவர். ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று, ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் கட்டிய படிகளில், சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளிலும் நின்று நின்று ஏறுவார். ‘ஏன் சார், போன உயிர் திரும்பியா வரப்போகுது?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘திரும்பாது சார். ஆனா அவரும் பட்டிருக்கார். நான் பேசினா அவருக்குப் புரியும்’ என்றார்.

‘பாஸியோன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வேட்கை, துன்பம் என்ற இரண்டு பொருளும் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்வது ‘பாடுகள்’. பிள்ளைகளுக்காகப் பாடுபட்டாள் என்று ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறோமே, அதே பாடு. வலி மட்டுமில்லை, பிறருக்காகச் சுமப்பதும் அந்தச் சொல்லில் அடங்கும். கிறிஸ்து மனிதரின் பாவங்களுக்காக மரித்தார் என்று அவர்கள் நம்புவதை இந்த ஒரு சொல்லே எனக்கு விளங்க வைத்தது.

பரங்கிமலைக்குப் போகும் நண்பர்கள் இரத்தக் கறையை மட்டும் தேடாமல் வளைவில் உள்ள எழுத்துக்களையும் பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் கடல் தாண்டி வந்த ஒரு மனிதரின் மன்றாட்டு அது.