பேர் விழுந்ததா? செக்ரோல் முதல் நூற்றாண்டு விழாப் பட்டியல் வரை

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் "பேர்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, பெற்றோர் வைத்த பெயர். மற்றது, செக்ரோலில் விழுகின்ற பேர். "இன்றைக்குப் பேர் விழுந்ததா?" என்று கேட்டால், அன்றைய நாட்சம்பளம் பதிவாகியதா என்பதே அர்த்தம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் விழாவிட்டால், நாள் முழுவதும் மலையில் நின்றவரும் அன்று வேலைக்கு வராதவரே. நூற்றாண்டு விழாவுக்கான பழைய மாணவியர் விபரங்களைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு எங்கள் சிறு குழுவிடம் வந்தபோது, இந்தப் பேச்சுத்தான் எனக்கு முதலில் நினைவில் வந்தது.

நம் முன்னோரின் பெயர்களை எழுதியவர்கள் பெரும்பாலும் மற்றவர்களே. கங்காணியின் கீழிருந்தோரின் கடன் தொகையைக் குறித்து, அதைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்பதாகத் துரைமார் எழுதிக் கொடுத்த சீட்டே "துண்டு". 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. தமிழகத்திலிருந்து புறப்பட்டோர்க்கு இலக்கம் பொறித்த தகரத்துண்டு வழங்கப்பட்ட காலமும் இருந்தது. தகரத்தில் இலக்கம் இருந்தது, பெயர் இல்லை.

பட்டியலில் இடம்பெறாமையின் விலையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நமக்குக் கற்பித்தது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே. தொடர்ந்து இந்நாட்டில் வசித்ததைக் கடதாசியில் நிரூபிக்க வேண்டியிருந்தது. பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. வகுப்பில் பக்கத்திலிருந்த தோழி ஒருநாள் வராமற்போவாள். வரவு இடாப்பில் அவள் பெயருக்கு மேல் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்கு அப்பால் கோத்தகிரியோ கூடலூரோ இருந்தது.

நமது சங்கத்தின் முதற் பட்டியல் ஒரு கொப்பியில் இருந்தது. பிறகு யாரோ ஒரு தங்கை அதனை எக்செல் தாளில் தட்டச்சுச் செய்தார். இம்முறை அழைப்பிதழ், வருகைப் பதிவு, உணவு, தங்குமிடம் ஆகிய அனைத்தையும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக, அத்தாளை நிகழ்ச்சி முகாமைத்துவ மென்பொருளுக்கு மாற்றினோம். ஒரு மாலையில் முடிந்துவிடும் என்றுதான் எண்ணினோம்.

முதற் சிக்கல் எழுத்துருவில் வந்தது. பழைய தாள் பாமினியில் இருந்தது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு. யுனிகோட் மட்டுமே அறிந்த மென்பொருளில் போர்வை விலகி, பெயர்கள் யாவும் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. அதிலும் பாமினியில் "இ" எழுத்தின் இடத்தில் இருப்பது காற்புள்ளி. காற்புள்ளியைக் கண்டதும் அடுத்த நிரலுக்குத் தாவுவதே இத்தகைய கோப்புகளின் இயல்பு. எனவே மேற்கோள் குறிக்குள் அடைபடாத இந்திராணிகளும் இராஜேஸ்வரிகளும் முதலெழுத்தை இழந்து ஒரு நிரல் தள்ளிப் போனார்கள். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் பெயர். தொலைபேசியின் இடத்தில் தோட்டம்.

அடுத்தது தொலைபேசி இலக்கம். ஹட்டனின் 051உம் நுவரெலியாவின் 052உம் முன்னாலிருந்த பூச்சியத்தை இழந்தன. அதையாவது திருப்பிச் சேர்க்கலாம். 94இல் தொடங்கும் இலங்கை இலக்கத்துக்குப் பதினொரு தானங்கள். எக்செல் அதை முழுமையாகக் காட்டும். 91இல் தொடங்கும் இந்தியக் கைத்தொலைபேசி இலக்கத்துக்குப் பன்னிரண்டு தானங்கள். அதைச் சுருக்கி, பத்தின் வலுவாகக் காட்டும். அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனவைதான். கப்பலேறிப் போன தோழியரே இங்கும் முதலில் காணாமற் போனதைப் பார்த்து, அன்றிரவு கணினியை மூடிவிட்டோம்.

மூன்றாவது, பெயரின் அமைப்பு. மென்பொருள் "குடும்பப் பெயர்" கேட்டது. நமக்கோ படிக்கும்போது தந்தையின் முதலெழுத்து, மணமான பின் கணவரின் முதலெழுத்து. ஒரே பெண் இரண்டு ஆட்களானார். மறுபுறம், மகனின் மின்னஞ்சலைப் பகிர்ந்து கொடுத்திருந்த இரு சகோதரியரை மென்பொருள் ஒருவராக்கியது. மின்னஞ்சலை வைத்தே அது ஆளை அடையாளம் காண்கிறது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. அக்கா பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

எனவே மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்தோம். மூலத்தாளைத் தொடாமல் பிரதி எடுத்தோம். பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றினோம். இலக்க நிரலை எழுத்து வடிவமாக்கிவிட்டுக் கொப்பியைப் பார்த்து மறுபடி பதிந்தோம். பள்ளிக்காலப் பெயருக்கும் பிரிவு, தோட்டம் ஆகியவற்றுக்கும் தனி நிரல்கள் வைத்தோம். 1969இல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய மின்நிலையத்தின் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்களுக்கும் அதில் இடமுண்டு. ஒவ்வொருவருக்கும் சங்கமே ஓர் இலக்கம் கொடுத்தது. முதலில் பத்துப் பேரை மட்டும் ஏற்றிச் சரிபார்த்த பின்னரே மற்றவர்களை ஏற்றினோம். கடைசியில் இரு பக்கத்திலும் தலைகளை எண்ணினோம். மாலையில் கொழுந்து நிறுத்த பின் கணக்கப்பிள்ளை செய்வதும் அதுதானே.

தோழியரே, விழா நாளன்று வாயிலில் உங்கள் பெயரைக் கேட்போம். இப்போதைய பெயரோடு, ஆசிரியை இடாப்பு வாசித்தபோது "பிரசன்னம்" சொன்ன அந்தப் பெயரையும் சொல்லுங்கள். அது திரையில் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடாதீர்கள். கொப்பியும் பேனாவும் மேசையில் இருக்கும். உங்கள் பேர் விழும்.