தங்கும் நாளும் கரிமக் கணக்கும்: எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத்தை முன்வைத்து

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் தம்முள் மாணவரைப் பரிமாறிக்கொள்ளும் எராஸ்மஸ் திட்டம், 1987இல் 11 நாடுகளோடும் மூவாயிரத்துச் சொச்சம் மாணவரோடும் தொடங்கியது. 2021–2027 காலகட்டத்துக்கு அதன் நிதி ஏறத்தாழ 2,600 கோடி யூரோ. இக்காலகட்டத்தின் முன்னுரிமைகளுள் ஒன்றாகச் சுற்றுச்சூழலும் சேர்க்கப்பட்டது. ஆனால் அதற்கென வகுத்த உதவித்தொகை விதிகள், மாணவர் எதில் ஏறிப் போகிறார் என்பதையே பெரிதும் பார்க்கின்றன. போன இடத்தில் எத்தனை நாள் தங்குகிறார் என்பதைக் கணக்கில் கொள்ளாதவரை உமிழ்வு குறையாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சிக்கல் சிறியதன்று. ராபின் ஷீல்ட்ஸ் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலக அளவில் மாணவர் அயல்நாடு சென்று பயில்வதால் எழும் பசுங்குடில் வாயு உமிழ்வு 1999இல் ஆண்டுக்கு 72 லட்சம் டன்னுக்கும் 1.9 கோடி டன்னுக்கும் இடைப்பட்டிருந்தது. 2014இல் அது 1.4 கோடிக்கும் 3.85 கோடிக்கும் இடைப்பட்டதாக உயர்ந்தது. மதிப்பீட்டின் இரு எல்லைகளும் வெகுதூரம் விலகி நிற்கின்றன என்பது உண்மையே. கீழெல்லையை மட்டும் ஏற்றாலும் பதினைந்தாண்டில் ஏறக்குறைய இரு மடங்கு.

ரயில், பேருந்து, பகிர்வுக் கார் ஆகியவற்றில் செல்வோருக்கு எராஸ்மஸ் கூடுதல் தொகை தருகிறது. தொடக்கத்தில் அது வெறும் 50 யூரோவாக இருந்தது. 2024 முதல் 500–1999 கி.மீ. தொலைவுக்கு விமானத்தில் போனால் 309 யூரோ, பசுமைப் பயணத்துக்கு 417 யூரோ என வேறுபாடு விரிந்துள்ளது. வழியில் செலவாகும் நாள்களுக்கும் படி உண்டு. இது வரவேற்கத்தக்க திருத்தம்.

இந்தக் கூடுதல் தொகையைக் கொண்டுவந்த அதே 2021ஆம் ஆண்டு விதிகளில்தான் 5 முதல் 30 நாள் வரையிலான குறுகியகாலப் பரிமாற்றமும் நுழைந்தது. ஒரே தொலைவுக்கு ஒரே விமானத்தில் போய்வரும் இருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் 5 நாள் தங்குகிறார். மற்றவர் ஒரு பருவம், அதாவது 150 நாள். கற்கும் ஒவ்வொரு நாளுக்கும் முன்னவர் வெளியிடும் கரியமில வாயு பின்னவருடையதைப் போல் 30 மடங்கு. பணியாளர் பரிமாற்றம் இன்னும் மோசம்: பேராசிரியர் ஒருவர் 2 நாள் பயணத்துக்கும் உதவித்தொகை பெறலாம். மாணவரை ரயிலேறச் சொல்லும் துறைத்தலைவர் இரண்டு நாள் வகுப்புக்காக விமானத்தில் பறப்பதை விதி தடுக்கவில்லை. எனக்கு இது ஏற்புடையதாகத் தெரியவில்லை.

குறுகியகாலப் பரிமாற்றத்தை அடியோடு நீக்கிவிடலாமா? கூடாது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், கைக்குழந்தை உள்ளவர், முதியோரைப் பேணுபவர் ஆகியோருக்கு அரையாண்டு ஊரைவிட்டுப் போக வழியில்லை. அவர்களுக்காகவே அந்த ஏற்பாடு வந்தது. எனவே அதை அவர்களுக்கு முதலில் ஒதுக்குவதும், ரயிலும் கப்பலும் எட்டும் தொலைவுக்குள் பங்காளிப் பல்கலைக்கழகங்களைத் தேர்வதும் தகும்.

எட்டும் தொலைவு என்பதும் எல்லோருக்கும் ஒன்றல்ல. பாரிஸிலிருந்து பார்சலோனாவுக்கு நேரடி ரயிலில் ஏழு மணி நேரத்துக்குள் போய்விடலாம். லிஸ்பனுக்கும் மாட்ரிட்டுக்கும் இடையே ஓடிய இரவு ரயில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. சைப்ரஸ், மால்டா மாணவர் கடல் தாண்டியாக வேண்டும். ஆகவே எல்லோருக்கும் ஒரே கட்டுப்பாடு விதித்தால், ஐரோப்பாவின் விளிம்பில் வாழும், பெரும்பாலும் வசதி குறைந்த மாணவரே அதன் சுமையைத் தாங்க நேரும். அவர்கள் விமானத்தில் போகட்டும். போனவர் ஓராண்டு தங்கிப் படிக்கும் அளவுக்கு உதவித்தொகை உயரட்டும். இடையே ஊர் திரும்பும் பயணங்களும் குறைய வேண்டுமானால், விடுமுறையில் விடுதி அறையை மூடாமல் வைத்திருப்பது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.

பயணச்சீட்டை மாணவர் முதலில் தம் பணத்தில் வாங்கும் நிலையும் மாற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு எரிசக்தி வரிநெறி வணிக விமான எரிபொருளுக்கு வரிவிலக்களித்தது விமானச்சீட்டு மலிவாக இருக்க உதவுகிறது; கையில் காசில்லாதவர் அதையே நாடுவார். பல்கலைக்கழகமே ரயில் சீட்டை எடுத்துத் தந்தால் அந்தத் தடை நீங்கும்.

அடுத்த காலகட்டம் 2028இல் தொடங்கவிருக்கிறது. அதன் விதிகளை வரைவோர், தொலைவைப் போலவே தங்கும் நாளையும் உதவித்தொகையின் அடிப்படையாக்க வேண்டும். அந்த விதி பேராசிரியர்களையும் கட்டுப்படுத்த வேண்டும்.