மயில் சத்தமும் ஒரு ஏஐ படமும்

2025 மார்ச் கடைசியில ஒரு ராத்திரி, என் போனுக்கு ஒரு வீடியோ வந்துச்சு. கும்மிருட்டு. ஜேசிபி உறுமுது, அதுக்கு நடுவுல மயில்கள் அகவுது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டின காஞ்ச கச்சிபவுலி. விடுதியில இருந்த மாணவர்கள் எடுத்தது.

கொஞ்சம் பின்னாடி போகலாம். 1969 தெலங்கானா போராட்டம், அதுக்கப்புறம் வந்த ஆறு அம்சத் திட்டம், அதோட விளைவுதான் 1974-ல் உருவான இந்த மத்தியப் பல்கலைக்கழகம். சுமார் 2,300 ஏக்கர் ஒதுக்கினாங்க. ஆனா நிலம் பல்கலைக்கழகத்துக்குச் சட்டப்படி கைமாறவே இல்லைங்கிறது மாநில அரசின் வாதம். அதுல 400 ஏக்கரை 2004 வாக்கில் ஒரு விளையாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து, 2006-ல் ரத்து பண்ணாங்க. வழக்கு 2024-ல்தான் அரசு பக்கம் முடிஞ்சது. கோர்ட்ல ஃபைல் நகர்ந்துட்டிருந்த இருபது வருஷமும் அங்க காடு வளர்ந்துட்டு இருந்துச்சு! ரெவின்யூ ரெக்கார்டுல அது காடு இல்லையாம். மானுக்கு அது தெரியுமா?

ஐடி பார்க் கட்டுறதுக்காக மார்ச் 30, உகாதி அன்னிக்கு மெஷின்கள் உள்ள இறங்குச்சு. தடுத்த மாணவர்களை போலீஸ் பிடிச்சிட்டுப் போச்சு. லீவு நாள், ஊரே பண்டிகையில. ஆனா எல்லார் கையிலயும் போன் இருந்துச்சே. வீடியோக்கள் நாடு முழுக்கப் பரவின. ஏப்ரல் 3-ல் உச்ச நீதிமன்றம் தானாகவே எடுத்து விசாரிச்சு வேலையை நிறுத்துச்சு. அதுக்குள்ள சுமார் 100 ஏக்கர் போயிடுச்சு.

இதே வாரத்துலதான் கிப்லி படம் செய்யுற மோகம். கேம்பஸ்ல இருக்கிற மஷ்ரூம் ராக் முன்னாடி ஜேசிபிகள், அதைப் பார்த்து நிக்கிற மானும் மயிலும்னு ஒரு ஏஐ படம் சுத்துச்சு. அழகா இருந்துச்சு, நானும் ஃபார்வர்டு பண்ணேன்.

அங்க எம்.ஏ. படிச்ச என் சித்தி பொண்ணு உடனே கூப்பிட்டா. "அண்ணா, அதை முதல்ல எடு. ராத்திரி முழுக்க முழிச்சிருந்து எடுத்த வீடியோவையும் சேர்த்து பொய்னு சொல்லிடுவாங்க."

அப்படியேதான் ஆச்சு. ஏஐ படங்களால பொய்ப் பிரச்சாரம் நடக்குதுன்னு அரசு சொல்லிச்சு, வழக்குகள் போட்டாங்க. அந்த மாதிரி ஒரு படத்தைப் பகிர்ந்த மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே போலீஸ் நோட்டீஸ். வெட்டின மரத்தைப் பத்தின பேச்சு, படத்தைப் பத்தின பேச்சா மாறிடுச்சு.

ஏப்ரல் 16-ல் நீதிமன்றம், அழிச்ச இடத்தை எப்படி மீட்பீங்கன்னு திட்டம் கேட்டுச்சு. நான் படத்தை டெலீட் பண்ணிட்டேன். அதுக்குள்ள அது எங்க குடும்ப குரூப் வரைக்கும் போயிருந்துச்சு.