எதிரொலி இடங்காணல்: வௌவாலும் சோனாரும்

ஒலியை எழுப்பி, அது ஒரு பொருள்மீது பட்டுத் திரும்புவதைக் கொண்டு அதன் தொலைவையும் திசையையும் அறிவது எதிரொலி இடங்காணல். பூச்சி தின்னும் வௌவால்களுக்கும் ஓங்கில்களுக்கும் இத்திறன் உண்டு; கப்பலின் சோனாரும் இப்படித்தான் இயங்குகிறது. வௌவாலைப் பார்த்து மனிதன் சோனார் செய்தான் என்று மேடைகளில் சொல்வதுண்டு. நடந்தது வேறு.

பார்வை பறிக்கப்பட்ட வௌவால்களும் தடையின்றிப் பறப்பதை இத்தாலியரான லாசரோ ஸ்பல்லன்சானி 1793இல் கண்டார். ஜெனீவாவின் லூயி ஜுரின் அவற்றின் காதுகளை அடைத்தபோது முட்டிமோதின. ஆனால் வௌவால் எழுப்புவது மனிதச் செவிக்கு எட்டாத மீயொலி. ஆகவே விளக்கம் கிடைக்கவில்லை. இதற்கிடையே முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட, பிரான்சின் பால் லாஞ்செவன் குவார்ட்ஸ் படிகத்தால் மீயொலி எழுப்பும் கருவியை அமைத்துவிட்டார். வௌவாலின் குரல் கருவியில் சிக்கியது 1938இல்தான். ஹார்வர்டு மாணவர் டொனால்டு கிரிஃபின், இயற்பியலர் பியர்ஸின் மீயொலிக் கருவிமுன் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தார். பின்னர் ராபர்ட் கலம்போஸுடன் சேர்ந்து அக்குரலின் பயனையும் நிறுவினார்.

ஒருவரையொருவர் அறியாமலே வௌவாலும் பொறியாளரும் ஒரே விடைகளை எட்டியிருப்பதுதான் வியப்பு. ஒலித் துடிப்பு நீண்டால் எதிரொலி வலுவாக இருக்கும், தொலைவு துல்லியமாகத் தெரியாது, குறுகினால் நேர்மாறு. சிறு பழுப்பு வௌவால் சில மில்லிவினாடிக்குள் தன் குரலை 80 கிலோஹெர்ட்ஸிலிருந்து 40 வரை சரியவிட்டு இரண்டையும் பெறுகிறது. அலைவெண் மாறும் இதே வகைத் துடிப்பை, ஒலிக்குப் பதில் வானொலி அலையால் இடங்காணும் ரேடாரின் பொறியாளர்களும் தனியே கண்டடைந்தார்கள். சொந்தக் குரலின் முழக்கத்தில் எதிரொலி அமுங்கிவிடக் கூடாதே! அதற்காகச் சில வௌவால்கள், கத்தும் கணத்தில் நடுச்செவித் தசையை இறுக்கிக் காதை மந்தமாக்கிக்கொள்கின்றன. ரேடாரிலும் துடிப்பு வெளியேறும்போது ஏற்பியைத் துண்டிக்கும் சாதனம் உண்டு. 1 மீட்டர் தொலைவிலுள்ள பூச்சியின் எதிரொலி சுமார் 6 மில்லிவினாடியில் வந்துவிடும். இரையை நெருங்க நெருங்க அழைப்புகள் வினாடிக்கு 200 வரை எகிறும்.

எதிரி ரேடாரைக் குழப்பும் போர் உத்திக்கும் இங்கே இணை இருக்கிறது. பெர்த்தோல்டியா இனப் புலி அந்து தன்னைத் துரத்தும் வௌவாலின் எதிரொலியைச் சொடுக்கொலிகளால் குலைத்துத் தப்புவதை 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர்.

எல்லா வௌவால்களுக்கும் இத்திறன் இல்லை. நம் ஊர் ஆலமரங்களில் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால் கண்ணையும் மூக்கையும் நம்பியே இரை தேடுகிறது.